அக்கா, ஒரு சந்தேகம்: வெளியூர் சர்வரும் வீட்டுச் சாவியும்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடி எங்கேயோ இருக்கும் சர்வரில் வேலை பார்ப்பவர்கள் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழின் கடைசியில் இரண்டு வரி போட்டிருந்தேன். இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. தபாலில் வந்ததை மட்டும் கொட்டினால் ஒரு மாம்பழக் கூடை நிறையும். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், நான் வேறு மாதிரி சொல்லாத வரை சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஆர்டர் கணக்குக்காக என் அக்கா மகன் மும்பையில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து எல்லாம் செய்து கொடுத்தான். இப்போது அவன் சிங்கப்பூரில். ஏதாவது நின்றுபோனால் "மாமா, புட்டி போட்டு உள்ளே போய் ஒரு ரீஸ்டார்ட் கொடுங்க" என்கிறான். எனக்குத் தெரிந்த புட்டி சுவரில் பூசுவது. இதை எங்கே வாங்குவது? உள்ளே போகும்போது ஏதோ எச்சரிக்கை வருமாம். யெஸ் கொடுக்கலாமா?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: அண்ணா, சுவருக்கும் வேண்டாம், சர்வருக்கும் வேண்டாம். உங்கள் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 10 அல்லது 11 என்றால், வெளியூர் சர்வருக்குள் பாதுகாப்பாகப் போவதற்கான ஓபன்எஸ்எஸ்ஹெச் என்ற கருவி அதற்குள்ளேயே இருக்கும். 2018-லிருந்து மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்த்தே தருகிறது. ஸ்டார்ட்டில் பவர்ஷெல் என்று தேடித் திறங்கள், கட்டளை தட்டுகிற ஜன்னல் அது. அதில் எஸ், எஸ், ஹெச் என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, மருமகன் கொடுத்த யூசர் பெயர், அதை ஒட்டி @ குறி, அதை ஒட்டி ஐபி எண் (சர்வரின் இணைய முகவரி). எண்டர். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வந்தால் செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று தேடி, ஓபன்எஸ்எஸ்ஹெச் கிளையன்ட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புட்டியை நான் குறை சொல்லவில்லை. இதே வேலைக்காக சைமன் டாதம் என்ற இங்கிலாந்துக்காரர் எழுதி இலவசமாகக் கொடுத்த புரோகிராம் அது. ஐந்து ரோடு பக்கம் நானும் வீட்டுக்காரரும் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில் அதை ஒரு ஃபிளாப்பியில் போட்டு ஹேண்ட்பேக்கிலேயே வைத்திருப்பேன். எனக்குப் பயம், அதன் பெயரைத் தேடினால் மேலே வந்து நிற்கிற மற்ற பக்கங்கள் மேல்தான். பார்க்க அச்சு அசல் புட்டி மாதிரியே இருந்துகொண்டு, தட்டுகிற பாஸ்வேர்டை வேறு எங்கோ அனுப்பிவிடும் போலிகள் வந்திருக்கின்றன. புட்டிதான் வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் சைமன் டாதம் பெயரில் இருப்பதை எடுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 0.80 வரைக்குமான பழையவற்றில் ஒரு வகைச் சாவியையே கண்டுபிடித்துவிடக்கூடிய ஓட்டை இருந்தது. 2024 ஏப்ரலில் வந்த 0.81-ல்தான் அதை அடைத்தார்கள்.

இனி அந்த எச்சரிக்கை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பத்தில் ஒன்பது பேர் படிப்பதில்லை. நானே பல வருஷம் படித்ததில்லை.

முதல் தடவை போகும்போது கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்றால்: "இந்த முகவரியில் பதில் சொல்கிற சர்வர் நீங்கள் தேடிப் போகிற அதே சர்வர்தானா என்று எனக்குத் தெரியாது. இதன் கைரேகை இது. போகலாமா?" கைரேகை என்பது ஷா256 என்று தொடங்கி நாற்பது சொச்சம் எழுத்து, எண்ணெல்லாம் கலந்து நீளமாக இருக்கும். முன்னே பின்னே பார்க்காத ஒருவர் பட்டறை வாசலில் வந்து நின்று, "கடைக்காரர் அனுப்பினார், கொலுசுப் பெட்டியைக் கொடுங்க" என்றால் கொடுத்துவிடுவீர்களா? கடைக்காரருக்கு போன் போட்டு, ஆள் எப்படி இருப்பார், என்ன சட்டை என்று கேட்பீர்கள் இல்லையா, அதேதான் இங்கேயும். மருமகனைக் கூப்பிடுங்கள். அவன் ஏற்கெனவே அந்த சர்வருக்குப் போய்வருகிறவன், கைரேகை என்ன என்று அவனால் பார்த்துச் சொல்ல முடியும். அதை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். யெஸ் என்று தட்டுவதற்குப் பதிலாக அந்தக் கைரேகையையே அங்கே ஒட்டலாம். ஒத்துப்போனால் தானாகவே உள்ளே விடும், இல்லையென்றால் விடாது. கண்ணால் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுக் கஷ்டப்பட வேண்டாம்.

ஒரு தடவை ஒத்துக்கொண்டால் உங்கள் கம்ப்யூட்டர் அதை நோன் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பில் குறித்துக்கொள்ளும். அப்புறம் கேட்காது. என்றைக்காவது திடீரென்று பெரிய எழுத்தில், அடையாளம் மாறிவிட்டது என்று கத்தினால் கையை எடுத்துவிட்டு மருமகனிடம் கேளுங்கள். "ஆமாம் மாமா, சர்வரைப் புதிதாகப் போட்டேன்" என்றால் சரி: எஸ்எஸ்ஹெச்-கீஜென், இடைவெளி, கழித்தல் குறி போட்டுப் பெரிய ஆர், இடைவெளி, ஐபி எண் என்று கொடுத்து பழைய குறிப்பை அழித்துவிட்டுப் புதுக் கைரேகையோடு போகலாம். அவன் ஒன்றும் செய்யவில்லை என்றால் போகாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: பாஸ்வேர்ட் தட்டினால் திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை. நட்சத்திரக் குறிகூட இல்லை. கீபோர்டு புதிது.
— வாசகி, இளம்பிள்ளை

பதில்: கீபோர்டை மாற்றிவிடாதீர்கள்! எத்தனை எழுத்து என்றுகூடப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி. தட்டி எண்டர் கொடுங்கள்.

கேள்வி: அக்கா, கல்லூரி புராஜெக்டுக்காக ஒரு சின்ன சர்வர் வாங்கியிருக்கிறேன். சீனியர்கள் எல்லாரும் "கீ போடு, பாஸ்வேர்டை நிறுத்து" என்கிறார்கள். என் பாஸ்வேர்ட் பதினாறு எழுத்து. போதாதா? பொதுச்சாவி, தனிச்சாவி என்று படித்துப் படித்துக் குழம்பியதுதான் மிச்சம்.
— மாணவர், ஆத்தூர்

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இரண்டு வரி போட்டதே. இதற்கு என் தலையில் விழுந்த குட்டிலிருந்து தொடங்குகிறேன்.

2016-ல் ஒரு ஜவ்வரிசி வியாபாரிக்கு சர்வர் அமைத்துக் கொடுத்தேன். யூசர் பெயர் அட்மின். பாஸ்வேர்ட், அவர் மறக்கக் கூடாது என்பதற்காக, நம்ம ஊர்ப் பெயரோடு 636001. பின்கோடு! மூன்றாம் நாள் காலை சர்வர் கம்பெனியிலிருந்து மெயில்: உங்கள் சர்வர் மற்றவர்களைத் தாக்குகிறது, நிறுத்திவிட்டோம். அன்றைக்கு லோடு ஏற்றுகிற நாள். லாரி வாசலில் நிற்கிறது, பில் வரவில்லை. நான் கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதினேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சாயந்திரம் உள்ளே போய்ப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ராத்திரி பகலாக யார் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள் என்று பெயரை மாற்றி மாற்றி, நொடிக்கு ஒரு தட்டு. மனுஷர்கள் இல்லை, புரோகிராம்கள். இணையத்தில் ஒரு சர்வரை வைத்துவிட்டால் யாரும் உன்னைத் தேடி வர வேண்டியதில்லை, அவை எல்லா வாசலையும் வரிசையாகத் தட்டிக்கொண்டு போகின்றன. உன் பதினாறு எழுத்து என் பின்கோடை விட ஆயிரம் மடங்கு மேல். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாஸ்வேர்டில் இன்னொரு குறை இருக்கிறது, நீளத்தால் சரியாகாத குறை. அது போய்ச் சேருகிற இடத்தில் முழுசாகப் போய்ச் சேருகிறது. செவ்வாய்ப்பேட்டை அண்ணாவுக்குச் சொன்ன மாதிரி, மறுமுனையில் இருப்பது போலி சர்வர் என்றால் பாஸ்வேர்டை நீயே கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிட்டாய்.

வழியில் திருடுவதை எஸ்எஸ்ஹெச் எப்போதோ நிறுத்திவிட்டது. அது பிறந்ததே அதற்குத்தான். 1995-ல் பின்லாந்தில் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ புகுந்து, போகிற வருகிற பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒட்டுக்கேட்டுச் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த தாதூ யுலோனென் கோபத்தில் உட்கார்ந்து எழுதியதுதான் எஸ்எஸ்ஹெச். 21-ம் போர்ட்டில் (போர்ட் என்பது சர்வரின் வாசல் எண்) கோப்பு அனுப்புகிற எஃப்டிபி, 23-ல் தூரத்து கம்ப்யூட்டருக்குள் போகிற பழைய டெல்நெட், இரண்டுக்கும் நடுவில் 22 காலியாகக் கிடந்தது, கேட்டு வாங்கிக்கொண்டார். ஒட்டுக்கேட்பது எவ்வளவு சுலபம் என்று எனக்கும் தெரியும். பிரவுசிங் சென்டரில் ஒருநாள் எதீரியல் என்ற புரோகிராமைப் போட்டுப் பார்த்தேன் (இன்றைக்கு வயர்ஷார்க் என்கிறார்களே, அதன் பழைய பெயர்). பக்கத்து கம்ப்யூட்டரில் நான் டெல்நெட்டில் தட்டிய பாஸ்வேர்ட், எழுத்து எழுத்தாக, எல்.கே.ஜி. பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி திரையில் வந்து நின்றது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, சாவிக்கு வருவோம். என் சித்தப்பா ஏற்காட்டில், நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். லீவுக்குப் போனால் அந்த எஸ்டேட் கேட்டைத்தான் முதலில் வேடிக்கை பார்ப்பேன். சங்கிலி போட்டிருக்கும். ஆனால் ஒரே பூட்டு இருக்காது. முதலாளி பூட்டு, ரைட்டர் பூட்டு, கரண்டுக்காரர் பூட்டு, உள்வழியாகப் போகிற பக்கத்து எஸ்டேட்டுக்காரர் பூட்டு என்று ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். எந்த ஒன்றைத் திறந்தாலும் சங்கிலி கழன்றுவிடும். ஒருவர் சாவி இன்னொருவருக்குத் தேவையே இல்லை. யாராவது வேலையை விட்டுப் போனால் அவர் பூட்டை மட்டும் எடுத்துவிட்டுப் பக்கத்துப் பூட்டுகளை இணைத்துவிடுவார்கள். மற்ற யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

சர்வரில் ஆத்தரைஸ்டு கீஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறதே, அதுதான் அந்தச் சங்கிலி. ஒரு வரிக்கு ஒரு பூட்டு. பொதுச்சாவி என்று பெயர் வைத்தவர்கள்தான் உன்னைக் குழப்பிவிட்டார்கள், அது சாவியே இல்லை, பூட்டு. ஊர் முழுக்கக் கொடுக்கலாம். தனிச்சாவிதான் நிஜச் சாவி. அது உன் லேப்டாப்பை விட்டு நகர்வதில்லை. உள்ளே போகும்போதுகூடச் சாவி கம்பியில் போகாது. அந்த ஒரு இணைப்புக்கென்றே உரிய செய்தியில் உன் கம்ப்யூட்டர் தனிச்சாவியால் கையெழுத்துப் போட்டு அனுப்பும், கையெழுத்து சரிதானா என்று சர்வர் பொதுச்சாவியை வைத்துப் பார்த்துக்கொள்ளும். போலி சர்வரிடம் போய் நின்றாலும் அவனுக்கு ஒரு கையெழுத்துதான் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டுபோய் வேறு வாசலில் நுழைய முடியாது.

செய்முறை: பவர்ஷெல்லில் எஸ்எஸ்ஹெச்-கீஜென், இடைவெளி, கழித்தல் குறி டி, இடைவெளி, இடி25519. எங்கே வைக்க என்று கேட்டால் எண்டர். அடுத்து பாஸ்பிரேஸ் கேட்கும். இங்கேதான் எல்லாரும் சோம்பேறித்தனப்பட்டு எண்டரை அழுத்துவார்கள். நீ அழுத்தாதே. லேப்டாப் திருடு போனால் அந்தச் சாவிக் கோப்புக்கு மேல் இருக்கிற ஒரே பூட்டு அதுதான். சம்பந்தமில்லாத நாலைந்து சொல்லைச் சேர்த்து ஒரு வாக்கியமாக வை. தினம் தட்டச் சலிப்பாக இருந்தால் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் ஓபன்எஸ்எஸ்ஹெச் ஆதென்டிகேஷன் ஏஜென்ட் என்று ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்பிவிட்டு, எஸ்எஸ்ஹெச்-ஆட் என்று ஒருமுறை கொடு. அப்புறம் அது பார்த்துக்கொள்ளும்.

இப்போது யூசர்ஸ் ஃபோல்டரில் உன் பெயருக்குள், புள்ளியோடு தொடங்கும் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரில் இரண்டு கோப்பு இருக்கும். பப் என்று முடிவது பூட்டு. லினக்ஸில் அதைச் சர்வருக்கு அனுப்ப ஒரு தனிக் கட்டளை உண்டு, விண்டோஸில் அது இல்லை. கவலை வேண்டாம்: நோட்பேடில் திற, உள்ளே ஒரே நீள வரி. நகல் எடு, பாஸ்வேர்டோடு சர்வருக்குள் போ, ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பின் கடைசியில் ஒட்டு. நடுவில் உடைந்து இரண்டு வரியாகிவிடக் கூடாது. பாதிப் பேர் "சாவி வேலை செய்யவில்லை" என்பது இதனால்தான். மீதிப் பேர், சர்வரில் இருக்கிற எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு 700, ஆத்தரைஸ்டு கீஸ் கோப்புக்கு 600 என்று அனுமதி வைக்க மறந்தவர்கள்.

கடைசி வேலை, பாஸ்வேர்ட் வாசலை மூடுவது. சர்வரில் இருக்கிற எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் என்ற வரிக்கு நோ. இதைச் செய்யும்போது இருக்கிற ஜன்னலை மூடாதே! அது திறந்தே இருக்கட்டும். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, இரண்டாவதாக ஒரு பவர்ஷெல் திறந்து, சாவியால் உள்ளே போக முடிகிறதா என்று பார். போக முடிந்தால் மட்டும் முதல் ஜன்னலை மூடு. இல்லையென்றால் வெளியே நின்றுகொண்டு உன் வீட்டுக் கதவை நீயே தட்டிக்கொண்டிருப்பாய். சர்வரில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் என்றால் இன்னொரு சின்ன வில்லங்கம்: கான்ஃபிக் கோப்பின் பெயரோடு புள்ளி டி சேர்த்த ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் 50-கிளவுட்-இனிட் என்று ஒரு கோப்பு "யெஸ்" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். முதலில் படித்ததுதான் செல்லும், ஃபோல்டர்தான் முதலில் படிக்கப்படும். நீ எழுதிய நோ அங்கே செல்லாக்காசு. சாவி இல்லாத வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து முயன்று பார், பாஸ்வேர்டே கேட்காமல் விரட்டினால் வேலை முடிந்தது.

கேள்வி: எஸ்டேட் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். சம்பளக் கணக்கும் பேக்கப்பும் சேலம் ஆபீஸ் சர்வரில். பேக்கப் முடிய இரண்டு மணி நேரம். காற்றடித்து ஒரு சில்வர் ஓக் கிளை விழுந்தால் போதும், நெட் போய்விடுகிறது, பாதியில் நின்ற வேலையும் போய்விடுகிறது. சும்மா பத்து நிமிஷம் டீ குடிக்கப் போனாலும் ஜன்னல் உறைந்துவிடுகிறது.
— வாசகி, ஏற்காடு

பதில்: தங்கச்சி, இவை இரண்டும் வேறு வேறு நோய். டீ குடிக்கப் போனால் உறைவது, நடுவில் இருக்கிற ரவுட்டரோ நெட் கம்பெனியோ "இங்கே பேச்சே இல்லையே" என்று இணைப்பை மறந்துவிடுவதால். முன்னே சொன்ன எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரில் கான்ஃபிக் என்ற பெயரில் ஒரு கோப்பு வைத்து, சர்வர் அலைவ் இன்டர்வல் என்பதைச் சேர்த்து ஒரே சொல்லாக எழுதி, இடைவெளி விட்டு 60 போடு. நிமிஷத்துக்கு ஒருமுறை "இருக்கிறாயா, இருக்கிறேன்" என்று பேசிக்கொள்ளும். நோட்பேட் உனக்கே தெரியாமல் கோப்புப் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்று வால் ஒட்டிவிடும், அதை நறுக்கிவிடு. நான் இந்த வாலுக்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழந்தவள். புட்டி என்றால் கனெக்ஷன் பக்கத்தில் கீப்அலைவ் கட்டத்தில் 60.

கிளை விழுவதற்கு அது மருந்தில்லை. அதற்கு டிமக்ஸ். சர்வருக்குள் போனதும் டிமக்ஸ் என்று தட்டிவிட்டு அதற்குள் பேக்கப்பைத் தொடங்கு. இப்போது வேலை நடப்பது சர்வரிலேயே, நீ அதை ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாய். ஜன்னல் உடைந்தாலும் வேலை நிற்காது. நெட் வந்ததும் மறுபடி போய் டிமக்ஸ், இடைவெளி, அட்டாச். விட்ட இடத்தில் நிற்கும். சர்வரில் அது இல்லையென்றால் சேலம் ஆபீஸில் சொல்லிப் போடச் சொல், இரண்டு நிமிஷ வேலை. பழம் பறிக்கிற சீசனில், சம்பளப் பட்டியல் நீளமாக இருக்கும்போது, இது இல்லாமல் தொடங்காதே.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரிலிருந்து புட்டியின் பிபிகே சாவியைக் கொண்டுவந்தேன். பவர்ஷெல் அதைச் சாவியாகவே மதிக்கவில்லை. கிளவுடில் கொடுத்த பெம் என்ற சாவிக் கோப்பை வைத்தால், சாவிக்குப் பாதுகாப்பில்லை என்று சொல்லி ஒதுக்குகிறது.
— வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: புட்டியின் சாவி வேறு வடிவம். புட்டியோடு வருகிற புட்டிஜென்னில் பிபிகேயைத் திறந்து, கன்வர்ஷன்ஸ் மெனுவில் ஓபன்எஸ்எஸ்ஹெச் வடிவில் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். பெம் விஷயத்தில் விண்டோஸ் சொல்வது நியாயம்தான்: அந்த கம்ப்யூட்டரில் இருக்கிற எல்லாரும் படிக்கிற இடத்தில் சாவி கிடக்கிறது. கோப்பின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. இன்ஹெரிட்டன்ஸை நிறுத்திவிட்டு உங்கள் பெயரைத் தவிர மற்ற யூசர்களை எடுத்துவிடுங்கள். டவுன்லோட்ஸில் போட்டு வைக்காமல் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

கேள்வி: "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு", "கனெக்ஷன் டைம்ட் அவுட்" இரண்டும் ஒன்றுதானே?
— வாசகர், ஓமலூர்

பதில்: இல்லை. ரெஃப்யூஸ்டு என்றால் வீட்டில் ஆள் இருக்கிறார், "அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை" என்று பதில் சொல்கிறார். எஸ்எஸ்ஹெச் சர்வீஸ் ஓடவில்லை, அல்லது போர்ட் எண் தவறு. டைம்ட் அவுட் என்றால் தட்டியும் பதிலே இல்லை. ஃபயர்வால் விழுங்கிவிட்டது, ஐபி தவறு, அல்லது சர்வரே படுத்துவிட்டது. முதலாவதற்கு சர்வருக்குள் பாருங்கள், இரண்டாவதற்கு வழியைப் பாருங்கள்.

கேள்வி: ஆபீஸ் விண்டோஸ் கம்ப்யூட்டரில் கணக்கு சாஃப்ட்வேர். வீட்டிலிருந்து பார்க்க ஒரு பையன் ரவுட்டரில் ஏதோ செய்து ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிட்டான். நன்றாக வேலை செய்கிறது. பாதுகாப்பா?
— ஆடிட்டர், அஸ்தம்பட்டி

பதில்: சார், இதைப் படித்து முடிப்பதற்குள் அதை மூடச் சொல்லுங்கள். அவன் திறந்தது 3389 என்ற போர்ட்டாக இருக்கும். கோப்புகளை எல்லாம் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற கும்பல்கள் நுழைவதற்குப் பிரியமான வாசல் அது. உங்கள் கட்சிக்காரர்களின் கணக்கு மொத்தமும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

ஆபீஸில் எஸ்எஸ்ஹெச்சுக்கு ஒரு வாசலை மட்டும், சாவி இருந்தால்தான் திறக்கும்படி, வைத்துவிட்டு ரிமோட் டெஸ்க்டாப்பை அதற்குள்ளே சுரங்கமாகக் கொண்டுவரலாம். கழித்தல் குறியோடு பெரிய எல் என்ற விருப்பம் அதற்குத்தான். வீட்டு கம்ப்யூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் தன்னிடமே பேசுவதாக நினைத்துக்கொள்ளும், உண்மையில் சுரங்கம் வழியாக ஆபீஸில் போய் முளைக்கும். எஸ்எஸ்ஹெச் சர்வரும் விண்டோஸின் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் இருக்கிறது. உங்கள் நெட்காரர் தனி ஐபி தராமல் பல வீட்டுக்கு ஒரே ஐபியைப் பகிர்ந்து கொடுப்பவர் என்றால் வெளியிலிருந்து உள்ளே வரவே வழியிருக்காது. அப்போது டெயில்ஸ்கேல் மாதிரி, கம்ப்யூட்டர்களைத் தனி நெட்வொர்க்காக இணைக்கிற சேவை ஒன்று சுலபம். இரண்டு கம்ப்யூட்டரும் வெளியே வந்து சந்தித்துக்கொள்ளும், ரவுட்டரில் ஒன்றும் திறக்க வேண்டாம். அந்தப் பையன் கெட்டவன் இல்லை, "வேலை செய்கிறது" என்பதோடு நிறுத்திவிட்டான்.

கேள்வி: இரண்டு இதழுக்கு முன் "22-ம் போர்ட்டை வேறு எண்ணுக்கு மாற்றினால் பாதுகாப்பு" என்று எழுதியிருந்தீர்கள். வீட்டு நம்பரை அழித்தால் திருடன் வரமாட்டானா?
— ஓய்வுபெற்ற ஸ்டீல் பிளான்ட் ஊழியர், சேலம்

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதுதான் சரி. நான் எழுதியது அவசரம். எண்ணை மாற்றினால் கண்மூடித்தனமாகத் தட்டுகிற புரோகிராம்களின் இரைச்சல் குறையும், பதிவேடு படிக்கிற அளவுக்கு இருக்கும். பூட்டு அதனால் கெட்டியாகாது. பாஸ்வேர்ட் வாசலை மூடிவிட்ட சர்வரில் நான் இப்போதெல்லாம் 22-லேயே விட்டுவிடுகிறேன்.

கேள்வி: நானும் தம்பியும் சேர்ந்து ஆன்லைனில் சேலை விற்கிறோம். சர்வருக்குச் சாவி என் லேப்டாப்பில். அவன் திருப்பூரிலிருந்து, "உன் சாவிக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பு, நானும் உள்ளே வர்றேன்" என்கிறான். கூடப் பிறந்தவன்தானே, அனுப்பலாமா?
— வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: தம்பியை நம்புங்கள், ஆனால் கோப்பை அனுப்பாதீர்கள். அனுப்பிய நிமிஷம் அது உங்கள் போனில் ஒன்று, அவன் போனில் ஒன்று, இருவரின் பேக்கப்பிலும் ஒவ்வொன்று என்று நாலாகிவிடும். அவன் போனை சர்வீஸுக்குக் கொடுக்கிற அன்றைக்கு யார் கையில் என்று தெரியாது. அதைவிட ஒரு தொல்லை: ஒரே சாவியால் இரண்டு பேர் போய்வந்தால், நாளைக்கு ஆர்டர் பட்டியல் அழிந்துபோனால் யார் கை பட்டது என்று சர்வருக்கே சொல்லத் தெரியாது. வீணாக அக்கா தம்பிக்குள் பேச்சு வளரும்.

ஆத்தூர் தம்பிக்குச் சொன்ன எஸ்டேட் சங்கிலிதான். உங்கள் தம்பி தன் கம்ப்யூட்டரில் தானே ஒரு ஜோடி உண்டாக்கட்டும். பப் என்று முடிகிற கோப்பை மட்டும் உங்களுக்கு அனுப்பட்டும். அதை வாட்ஸ்அப்பில் என்ன, பழைய பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டினாலும் பயமில்லை. நீங்கள் ஆத்தரைஸ்டு கீஸில் உங்கள் வரிக்குக் கீழே அவன் வரியை ஒட்டுங்கள். வரியின் கடைசியில் அவன் பெயரையும் திருப்பூர் என்றும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்தால் எந்த வரி யாருடையது என்று உங்களுக்கே மறந்திருக்கும்.

ஒருவேளை இந்த இதழ் கைக்கு வருவதற்குள் அனுப்பியிருந்தால், "எல்லாருக்கும் அழி" என்பதை அழுத்திவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். புதிதாக ஒரு ஜோடி உண்டாக்கி, புது வரியை ஒட்டி, அதில் உள்ளே போக முடிகிறதா என்று இரண்டாவது ஜன்னலில் பார்த்துவிட்டு, பழைய வரியை எடுத்துவிடுங்கள். பத்து நிமிஷம் ஆகும்.